அமிர்திப் பக்கம் இறங்கிய வழி

மூன்று வாரமாகத் தொடாத சைக்கிளை இன்று காலை துடைக்க எடுத்தேன். முன் சக்கரத்தில் காற்று இல்லை. இருக்கைக்கு அடியில் தொங்கும் சின்னப் பையைத் திறந்து டயர் நெம்பும் லீவரைத் தேடினால், கையில் வந்தது எப்போதோ நீ என் பையில் போட்டுவிட்ட அட்டைத் துண்டு. கல்யாணப் பத்திரிகையில் வெட்டிப் போட்ட ஓரம். ஒரு பக்கம் பாதிப் பிள்ளையார், தும்பிக்கையோடு சரி. மறுபக்கம் உன் பென்சில் எழுத்து. 'ஏலகிரி. 3 - ஜல்லி. 5 - இடது பள்ளம். 6 - குரங்கு, பிஸ்கட் பாக்கெட்டை உள்ளே வை. 9 - தார் நல்லா இருக்கு, விடலாம். 11 - தண்ணி ஓடுது.' அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் நீ கிண்டல் பண்ணுவாய். பண்ண ஆள் இல்லாததால் இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் சக்கரத்தை அப்படியே சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கும் கடைசியில் வருகிறேன்.

உனக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பத்திரிகை அடிக்கும் அச்சகம். எனக்கு சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகத்தில் தரம் பார்க்கிற வேலை. பள்ளியில் ஒரே பெஞ்ச். நாற்பதைத் தாண்டி, ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்த வருஷம் இருவரும் சேர்ந்து சைக்கிள் வாங்கினோம். வாங்கின முதல் மாதம் செம்பாக்கம் ஏரியைச் சுற்றி வந்ததற்கே இமயமலையிலிருந்து இறங்கியவர்கள் மாதிரி டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். உன் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "அண்ணா, ரெண்டு பேரும் ஏரியத்தான சுத்துனீங்க, கடலயா?"

அவள் என்னை அண்ணா என்பாள். உன் மகள் அங்கிள் என்பாள். உன் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் இருந்தது. இதையெல்லாம் உனக்கே எழுதிக் காட்டுவது அசட்டுத்தனம்தான். ஆனால் நான் எதைக் கெடுத்தேன் என்பதை ஒரு தடவை எழுத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாம்பரத்தில் இருக்கிறவனுக்கு மலை ஏது? திருநீர்மலை இருக்கிறது, படிக்கட்டில் சைக்கிள் ஏறாது. ஆகவே பெருங்களத்தூர் மேம்பாலத்தை மலை என்று வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊர் சைக்கிள் குழுவோடு பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இருபது தடவை. பஸ்ஸில் போகிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பரிதாபமாகப் பார்த்தார்கள். ஏறும்போதுதான் பயிற்சி என்று எல்லோரும் நினைத்தோம். இறங்குவதற்கு என்ன, மிதிப்பதை நிறுத்தினால் தானே போகும். இது சமவெளிக்காரன் செய்கிற தப்பு. நம் குழுவில் அது தப்பு என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அதற்கு நீ கொடுத்த விலை முதல் ஏலகிரிப் பயணத்தில் மூன்றாவது வளைவு. கீழே வரும்போது ஜல்லியில் வழுக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பேண்டேஜ் போட்ட கம்பவுண்டர் "எப்டி சார் விழுந்தீங்க?" என்று கேட்டதற்கு, "ரோட்டப் படிக்காம விட்டுட்டேன்" என்றாய். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

அடுத்த பயணத்திலிருந்து அட்டைத் துண்டு வந்தது. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நிற்பாய். சட்டையின் முதுகுப் பையிலிருந்து துண்டை எடுத்து, பென்சிலை எச்சிலில் தொட்டு எழுதுவாய். "மூச்சு வாங்கறதுக்குப் பேரு எழுத்து வேலையா?" என்று நான் கேட்பேன். "ரெண்டும்தான் மச்சான். ஏறும்போது ரோடு நமக்கு மெதுவா தன்னக் காட்டுது. இப்பப் படிச்சிக்கணும். படிச்ச ரோட்டுலதான் இறங்கணும்" என்பாய். மேலே போனதும் அந்தத் துண்டை ஹேண்டில் பாரில் டேப் போட்டு ஒட்டி, எண்களைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு இறங்குவாய். பதினொன்றில் பிரேக், ஒன்பதில் விடு, ஐந்தில் வலது ஓரம். எந்த மலைக்குப் போனாலும் ஏறின வழியேதான் திரும்புவோம். ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி எல்லாவற்றுக்கும் உன்னிடம் அட்டை இருந்தது. உன் மேஜை டிராயரில் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தாய். பின்பக்கமெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களின் கல்யாணம்.

இப்போது என் கோணலைச் சொல்கிறேன். எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. காரணம் பயணமோ பாதையோ இல்லை, வரைபடம். ஓட்டத்தைப் பதிவு செய்கிற ஆப்பில், போன வழியே வந்தால் திரையில் ஒரு கோடு மட்டும் விழும். சுற்றி வந்தால் ஓர் உருவம் வரும். குழுவில் இருந்த இளவட்டங்கள் வாரா வாரம் வாத்து, மாங்காய், பம்பரம் என்று உருவமாகப் போடுவார்கள். நம்முடையதைப் பார்த்து ஒருவன் எழுதினான், "அங்கிள்ஸ் ரெண்டு பேரும் இன்னிக்கும் கோடு போட்டுட்டு வந்துட்டாங்க." நீ அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டாய். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மாங்காய்க்காக ஏங்கினேன் என்று இப்போது எழுதும்போது கூசுகிறது.

ஜவ்வாது மலை அந்த ஏக்கத்துக்குத் தோதாக அமைந்தது. போளூர் பக்கம் ஏறி, ஜமுனாமரத்தூரைத் தொட்டு, அமிர்திப் பக்கம் இறங்கி, கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகத் திரும்பப் போளூர் வந்தால் திரையில் அசல் மாங்காய். காம்பு கூட வரும். நான் இதை வீட்டில் உட்கார்ந்து நான்கைந்து தடவை வரைந்து பார்த்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு போய் போளூரில் ரூம் போட்டோம். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது.

காலையில் நீ எப்போதும்போல எழுதிக்கொண்டே ஏறினாய். சாமை கதிர் விட்டிருந்த சரிவுகளைப் பார்த்து ஓர் இடத்தில் நின்றாய். "இங்க ஒரு அரை ஏக்கர் வாங்கிப் போட்டுடலாம் மச்சான். நம்ம அப்பன் நெலத்த பிளாட் போட்டு வித்தானே, அந்தப் பாவம் தீரும்" என்றாய். நீ எந்த மலைக்குப் போனாலும் அங்கே அரை ஏக்கர் வாங்குவாய். வரிசையில் அது நான்காவதோ ஐந்தாவதோ.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் நான் போனை எடுத்து உன் முன்னால் நீட்டினேன். நீ விரலால் அமிர்திச் சரிவைப் பெரிதாக்கிப் பார்த்தாய். வளைவுகளை எண்ணினாய். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்தப் பக்கம் நாம படிக்கலையே மச்சான்" என்றாய்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன வழியே எத்தன வாட்டிடா வரது? ஒரு வாட்டி சுத்தினு போலாம் வா. நீ செத்தாக்கூட வந்த வழியே திரும்பி வந்து நிப்ப போல."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். டீக்கடைக்காரர் கூடச் சிரித்தார். ஏறும்போது எழுதின அட்டையை மடித்து முதுகுப் பைக்குள் போட்டாய். போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தாய். அச்சகத்துக்குத்தான் பேசுகிறாய் என்று நினைத்தேன். வந்து, ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே, "போலாம் வா, உன் மாங்கா பழுத்துடப் போகுது" என்றாய்.

நான் முன்னால் போனேன். நீ எப்போதும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வருகிறவன். உனக்காக அடிவாரத்தில் நின்று காத்திருப்பது எனக்குப் பழக்கம். அன்றும் தரை சமமாகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் குழுவுக்கு ஒரு செய்தி போட்டேன். 'அங்கிள் இன்னும் பிரேக் பிடிச்சிக்கிட்டே வராரு. மாங்காய் லேட்டாகும்.' பதினேழு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பிறகு மேலிருந்து பைக்கில் பால் கேனோடு வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். "உங்ககூட வந்தவரா சார்? மேல ஒருத்தரு வுழுந்து கெடக்கறாரு. பேச்சு மூச்சு இல்ல" என்றார்.

மழையில் மேட்டிலிருந்து அடித்து வந்த சரளை அந்த வளைவின் குறுக்கே பரவிக் கிடந்தது. நானும் அதே சரளையைத்தான் கடந்து வந்திருக்கிறேன். எனக்குச் சறுக்கவில்லை. உன்னிடம் அந்த வளைவுக்கு அட்டை இருந்திருந்தால் அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருப்பாய். ஆம்புலன்ஸ் வேலூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் விவரம் எழுதும்போது கேட்டார், "போளூர்ல ஏறினவங்க இந்தப் பக்கம் ஏன் சார் இறங்கினீங்க?" நான் பதில் சொல்வதற்குள் உன் மனைவி காரிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். அவளும் அதையேதான் கேட்டாள். "அவரு வந்த வழியே தானண்ணா வருவாரு?"

"இல்லம்மா. அவன்தான் இன்னிக்கு இந்தப் பக்கம் போலாம்னு ஆசப்பட்டான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் வாய் தவறியும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில், இந்த வீட்டில் இனி எனக்கு டம்ளர் இருக்காது என்று பயந்து சொன்னேன். நீ உள்ளே வெள்ளைத் துணிக்குள் கிடந்தாய். மறுத்துப் பேச முடியாதவன் தலையில் தூக்கி வைத்தேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பொய் தானாகவே வளர்ந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர் சொன்னார், "பாவம், ஆசப்பட்ட ரோட்டுலயே போயிட்டாரு." குழுவில் எழுதினார்கள், 'அண்ணனோட கனவு ரூட்.' என் கண் முன்னால் நீ வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தாய். துணிச்சல்காரன், சுற்றுப் பாதைப் பிரியன். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நடுநடுவே உன் வீட்டுக்கும் போவேன். கேஸ் புக் பண்ணிக் கொடுத்தேன், மகளின் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். உன் மனைவி காபி கொடுப்பாள். அதே டம்ளர்.

முதல் வருஷம் நெருங்கும்போது குழுவில் நினைவு ஓட்டம் என்று அறிவித்தார்கள். உன் பெயரில், அதே பாதையில். எல்லோருக்கும் டி-ஷர்ட், நெஞ்சில் அந்த மாங்காய் வடிவம், நடுவில் உன் பெயர். போளூரில் உன் மனைவி கொடியசைத்துத் துவக்கி வைக்க வேண்டும். அவளிடம் பேசுகிற பொறுப்பு என்னுடையது. மாதிரிப் படத்தைப் போனில் பார்த்தேன். கோட்டிலேயே போய்க் கோட்டிலேயே திரும்பினவன் நீ. உன் பெயரை அதற்கு நடுவில் பார்க்க முடியவில்லை. இதற்கு மேல் தாங்காது, சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அச்சகத்துக்குப் போனேன். இப்போது அவள்தான் நடத்துகிறாள் என்பது உனக்குத் தெரியாது. நன்றாகவே நடத்துகிறாள். மேஜையில் யாருடைய பத்திரிகையோ பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாங்காய், டீக்கடை, நான் சொன்ன கிண்டல், ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன பொய். சொல்லி முடிக்கும்வரை அவள் தாளிலிருந்து பென்சிலை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"டீக்கடையிலேருந்து போன் பண்ணாரே. 'இவன் ரொம்ப ஆசப்படறான், ஒரு வாட்டி அந்தப் பக்கமா இறங்கிட்டு வரோம், வர லேட்டாவும்'னாரு. நான் வேணாம்னேன். 'மூஞ்சி தொங்கிடும்டி அவனுக்கு'ன்னு சிரிச்சாரு." பென்சிலைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில தெரிஞ்சேதான் கேட்டேன். நீங்க சொன்னப்பவே பொய்னு தெரியும். நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். பதினோரு மாசமா பாத்தேன்."

அவள் கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாதாரணமாகத்தான் பேசினாள். அந்தப் பதினோரு மாதமும் எனக்குக் காபி கொடுத்த கை அது.

"இப்பவே குழுவில எல்லார் கிட்டயும் சொல்லிடறேன்மா. ஓட்டத்த நிறுத்தச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம்" என்றாள். "உங்களுக்குச் சொன்னா லேசாயிடும். பொண்ணுக்கு? அப்பா ஆசப்பட்டு ஒண்ணு செஞ்சாரு, அதுல போயிட்டாருன்னு ஏதோ மனச தேத்தி வச்சிருக்கா. அடுத்தவங்க மாங்காய்க்காகப் போனாருன்னு தெரிஞ்சா அவளுக்கு என்ன மிஞ்சும்? ஆரம்பிச்சது நீங்க. நீங்களே கடைசி வரைக்கும் வச்சுக்குங்க." பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கொடி அசைக்க நான் வரேன். இங்க மட்டும் இனிமே வராதீங்க" என்றாள்.

அவள் பேசின அத்தனையிலும் அண்ணா என்று ஒரு தடவை கூட வரவில்லை. தெருவில் இறங்கின பிறகுதான் அது உறைத்தது. ஜங்ஷனில் சிக்னல் இரண்டு தடவை மாறியது, நான் தாண்டவில்லை.

மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கலாம் என்றுதான் முதலில் இந்த மடலை நினைத்தேன். கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அதுதான் தொல்லை. நான் முகம் தொங்கப் போடுவேன் என்பதற்காகப் படிக்காத ரோட்டில் இறங்கினவன் நீ. உன்னிடம் கேட்பது எனக்கே மறுபடி ஒரு சலுகை வாங்கிக்கொள்வது. அதனால் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஓட்டம் நடந்தது. இருபத்து மூன்று பேர். நானும் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டேன். உன் மனைவி பச்சைக் கொடியை அசைத்தாள்; நான் கடந்து போகும்போது அவள் கண் என் மேல் பட்டது, நிற்கவில்லை. உன் மகள் பின்னால் வேனில் வந்தாள். ஜமுனாமரத்தூரில் எல்லோரும் டீ குடிக்கும்போது அவள் நேராக என்னிடம் வந்தாள். உன் மாதிரியே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், அப்பா கடைசியா இங்கதான நின்னாரு? அந்தப் பக்கம் போலாம்னு எப்டி சொன்னாரு? அப்டியே சொல்லுங்க. யாருமே எனக்கு முழுசா சொல்ல மாட்றாங்க."

சுற்றிலும் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவள் கையில் போன், பதிவு செய்கிற பொத்தானில் விரல். இல்லையம்மா, எனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துப்பு இல்லை.

"உங்கப்பா இருக்கானே," என்று ஆரம்பித்தேன், "டீயக் கீழ வச்சிட்டு, 'போன வழியே எத்தன வாட்டிடா வரது? ஒரு வாட்டி சுத்தினு போலாம் வா'ன்னான்மா. நான்தான் பயந்தேன். அவன் சிரிச்சான்."

"அப்பாவா?" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை இந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. "எங்கப்பாவா அப்டி சொன்னாரு?"

ஆமாம் என்றேன். பிறகு யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு மூன்று சேர்த்தேன். நீ விசில் அடித்ததாகச் சொன்னேன். முதல் ஆளாக வண்டியில் ஏறியதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பதிவை அங்கேயே அம்மாவுக்கு அனுப்பினாள்.

அவர்கள் எல்லோரும் அமிர்திப் பக்கம் இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் முழங்கால் வலி என்று சொல்லி வேனில் ஏறிக்கொண்டேன். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த உன் மகள், வழி நெடுக அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். என் குரலில் நீ.

நேற்று அவள் போன் பண்ணினாள். கல்லூரியில் அப்பாவைப் பற்றிப் பேச ஒரு நிகழ்ச்சியாம். "நீங்க சொன்னத வச்சுதான் அங்கிள் எழுதியிருக்கேன். இன்னும் ரெண்டு விஷயம் இருந்தா சொல்லுங்களேன், நீங்க மட்டும்தான் கூட இருந்தீங்க" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.